நோம்பிக்கு முன்னால் ஷெட்டை ஒதுக்குவோம்

(நெருப்பெரிச்சலில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, சந்தா, வசூல் நிலுவை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். பொங்கல் நோம்பி நெருங்குகிறது. அதனால் இந்த மாதம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம். வீடு என்றதும் வந்தவர்கள் உட்காருகிற ஆசாரத்தைச் சொல்லவில்லை. வீட்டை ஒட்டி சிமெண்டு அட்டை போட்ட ஷெட் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்கிறோம். ஷெட் இல்லாத லைன் வீட்டுக்காரர்களுக்கு அட்டாலியும் கட்டிலுக்கு அடியும்தான் ஷெட். "ஏனுங்க, அதை மட்டும் கேக்காதீங்க" என்று பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் எல்லா வீட்டுக் கதையும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஷெட் எப்படி நிரம்புகிறது?

ஒரு காலத்தில் அந்த இடத்தில் மாடு கட்டியிருந்தோம். சிலர் வீட்டில் தறி ஓடியது. இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். பிசிறு வெட்ட வந்த பீஸ் மூட்டை. அதற்குப் பின்னால் ஓடாத மிக்ஸி. காத்துப் போன டயர். பையன் ஏழாவது படிக்கும்போது ஓட்டிய சைக்கிள். இலவசமாக வந்து பழுதாகிப் போன மின்விசிறி. கல்யாணத்துக்கு வந்த, பெட்டியே பிரிக்காத சாமான். சிமெண்டுச் சாக்கு, பெயிண்டு டப்பா, தேங்காய்த் தொட்டி, உடைந்த பிளாஸ்டிக் குடம். நடுவில் புருசனின் மொபெட். மொபெட்டை எடுக்க வேண்டுமென்றால் நாலு சாமானை நகர்த்த வேண்டும்.

இதற்குக் காரணம் நாம் சோம்பேறிகள் என்பது இல்லை. காலை எட்டரைக்கு கம்பெனிக்குப் போய், ஒன்றரை ஷிப்டு பார்த்து, ராத்திரி எட்டரைக்கு வருகிறவளுக்கு ஒதுக்க நேரம் எங்கே? இன்னொரு காரணமும் உண்டு. இல்லாமையில் வளர்ந்தவர்கள் நாம். எதையும் தூக்கிப் போட மனசு வராது. "ஒரு நாளைக்கு ஆகும்" என்று எடுத்து வைப்போம். அந்தக் குணம் நல்ல குணம்தான். ஆனால் அந்த ஒரு நாள் வரும்போது அந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரியாமல் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கினால் சேர்த்து வைத்தும் பயனில்லை.

அடைசலுக்குள் இருக்கும் ஆபத்து

அடைசல் என்பது பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். அதோடு போனால் நாங்கள் இந்தக் கூட்டத்தில் பேசவே மாட்டோம். மூன்று விசயம் சொல்கிறோம்.

முதலாவது தீ. நம்முடைய ஊரில் வீட்டுக்கு வீடு பஞ்சும் பனியன் துணியும் இருக்கிறது. பிசிறு, கட்டிங் துண்டு, பஞ்சுத் தூசி மூன்றும் ஒரு பொறி பட்டால் சட்டென்று பிடிக்கும். பாலியஸ்டர் கலந்த துணி எரியும்போது உருகி, தோலில் ஒட்டிக்கொள்ளும். பல வீடுகளில் அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே காலி சிலிண்டர், அதன் மேலே தொங்குகிற ஒயர், ஒட்டுப் போட்ட பிளக்கு. மிசின் துடைத்த எண்ணெய்த் துணியும் அங்கேயே. மொபெட்டில் பெட்ரோல் கசிவு வேறு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரணச் சாமான். ஒரே மூலையில் சேர்ந்தால் வம்பு.

இரண்டாவது கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடைத் தண்ணீரைத் தேடிப் போவதில்லை. டயர், தேங்காய்த் தொட்டி, பெயிண்டு டப்பா, உடைந்த குடம் இவற்றில் தேங்குகிற தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். பகலில் கடிக்கும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பாத்திரத்தின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் மறுபடி பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேவையில்லாத டயரும் தொட்டியும் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது நம்முடைய கூலி. நம் குழுத் தோழி ஒருவர் வீட்டில் பிசிறு வெட்டித் தருகிறார். ஒரு முறை எண்ணிக் கொடுக்கும்போது 12 பீஸ் குறைந்தது. "நான் எடுக்கலைங்க" என்று சொல்லியும் கேட்கவில்லை, கூலியில் பிடித்துவிட்டார்கள். வேலை கொடுக்கிற இடத்தில் பேரும் கெட்டது. நாலு மாதம் கழித்து அட்டாலியில் இருந்து மெத்தையை இறக்கும்போது அந்த 12 பீசும் மெத்தைக்குப் பின்னால் இருந்தன. ஆர்டர் எப்போதோ கப்பல் ஏறிவிட்டது. திருப்பிக் கொடுத்தும் பணம் வரவில்லை. ஈரம் பட்டு மஞ்சள் விழுந்த பீஸ், எண்ணெய்க் கறை பட்ட பீஸ், எலி கடித்த பீஸ் எல்லாமே நம்முடைய தலையில்தான் விழுகிறது. ஷெட்டு நம்ம தொழிற்கூடம், அம்மிணிகளே. தொழிற்கூடத்தை அப்படிப் போட்டு வைக்கலாமா?

மூன்று பழைய சேலை

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டால் சாயங்காலம் இடுப்பு ஒடிந்து, பாதியை அப்படியே உள்ளே தள்ளிவிடுவோம். அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நோம்பிக்குப் பதினைந்து நாள் முன்பே தொடங்கி, நாளைக்கு அரை மணி நேரம், ஒரு மூலை. ஐந்து சாயங்காலம் போதும். கடைசியில் வருகிற ஞாயிறு கழுவுவதற்கும் வெள்ளையடிப்பதற்கும்.

வாசலில் மூன்று பழைய சேலையை விரியுங்கள். முதல் சேலை, வீட்டில் வைத்துக்கொள்வது. இரண்டாவது சேலை, இன்னொருவருக்குக் கொடுப்பது. மூன்றாவது சேலை, பழைய சாமான் கடைக்கு விற்பது. பக்கத்தில் ஒரு சாக்கு, எதற்கும் ஆகாததற்கு. கையில் எடுத்த சாமானை இந்த நாலில் ஒன்றில் போட்டே ஆக வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஐந்தாவதாக ஒரு குவியல் போடக் கூடாது. அந்த ஐந்தாவது குவியல்தான் இத்தனை வருசமாக ஷெட்டில் இருக்கிறது.

எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியவில்லையா? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போன நோம்பிக்கும் இந்த நோம்பிக்கும் நடுவில் இதை ஒரு தடவையாவது எடுத்தோமா? எடுக்கவில்லை என்றால் அது இரண்டாவது சேலைக்கோ மூன்றாவது சேலைக்கோ போகட்டும். மாமியார் வைத்திருந்த பித்தளைப் போசி, அப்பாவின் கடிகாரம் போன்ற ஞாபகச் சாமானுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அதைத் துடைத்து, பார்க்கிற இடத்தில் வையுங்கள். மூட்டைக்குள் கிடந்தால் அது என்ன ஞாபகம்?

கொடுப்பது என்றால் கிழிந்ததைக் கொடுப்பது இல்லை. நல்ல பள்ளிச் சட்டை, ஓடுகிற சைக்கிள், தொட்டில் கம்பி, வாக்கர் வண்டி இதெல்லாம் அடுத்த குழுவில் யாருக்காவது ஆகும். தேனி, மதுரைப் பக்கத்தில் இருந்தும், ஒடிசா, பீகாரில் இருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் நம் லைன் வீடுகளில் இருக்கின்றன. கையில் ஒரு பையோடு வந்தவர்கள். நமக்கு இடைஞ்சலாக இருக்கிற வாளியும் பாயும் அவர்களுக்கு ஒரு குடித்தனம்.

குடும்பத்தில் எல்லோருக்கும் வேலை கொடுங்கள். உயரத்தில் இருப்பதை இறக்குவது ஆண்கள் வேலை. எழுதுவது பிள்ளைகள் வேலை. ஸ்டூல் மேல் ஏறும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒட்டடை அடிக்கும் முன் வாயையும் மூக்கையும் துணியால் கட்டுங்கள். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிற நமக்கு ஏற்கெனவே நெஞ்சு பாதிதான் பாக்கி. சாக்கு மூட்டையைக் கையை விட்டுத் தூக்காமல் முதலில் கம்பால் தட்டிப் பாருங்கள். தேள், பூரான், பாம்பு எல்லாம் நம்மைக் கேட்டுக்கொண்டு குடியேறுவதில்லை.

காகிதங்களைத் தனியே எடுங்கள்

ஒதுக்கும்போது கண்ணில் படுகிற ஒவ்வொரு காகிதத்தையும் தனியாக வையுங்கள். பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, கேஸ் புத்தகம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, மாற்றுச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக், காப்பீட்டுக் காகிதம். நம்மில் பலர் வங்கியில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறோம். வருசத்துக்கு 12 ரூபாயாக இருந்த அந்தத் தவணை 2022 ஜூனில் 20 ரூபாய் ஆனது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பணம் கணக்கில் இருந்து தானாகப் போவதால் வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு துணிப்பையில் எல்லாக் காகிதத்தையும் போட்டு, பாச்சை உருண்டையோடு பீரோவில் வைத்து, வளர்ந்த பிள்ளை ஒருவரிடமாவது இடத்தைக் காட்டுங்கள்.

திரும்ப வைக்கும் முறை

இடம் காலியான பிறகு சுவரைப் பாருங்கள். விரிசல், எலி வளை, கரையான் புற்று இருந்தால் அடையுங்கள். சுண்ணாம்பு அடித்தால் ஷெட் வெளிச்சமாகும், பிசிறு வெட்டுகிற கண்ணுக்கும் நல்லது. நீற்றுச் சுண்ணாம்பில் துளி நீலமும் கொஞ்சம் கஞ்சியும் கலந்தால் கையில் ஒட்டாது. சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கைவைத்தியம் வேண்டாம்.

வைக்கும்போது இப்படி வையுங்கள்:

1. பீஸ் மூட்டை தரையில் இருக்கக் கூடாது. நாலு செங்கல், மேலே ஒரு பலகை. சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி. அப்போதுதான் ஈரமும் கரையானும் ஏறாது.

2. வெள்ளைப் பீஸ் வேறு, கலர் பீஸ் வேறு. ஈரம் பட்டால் கலர் இறங்கிவிடும். மூட்டை மேல் வந்த தேதி, எண்ணிக்கை, வேலை கொடுத்தவர் பெயர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள். அதே கணக்கு ஒரு நோட்டிலும் இருக்கட்டும். எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தால் யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது.

3. பிசிறும் கட்டிங் துண்டும் அன்றன்றைக்கு ஒரு சாக்கில் கட்டி, அடுப்பு, பிளக்கு, மொபெட் மூன்றுக்கும் தூரமாக. எண்ணெய்த் துணியை மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

4. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில். சிலிண்டரின் மேல் வளையத்தின் உள்பக்கம் ஒரு எழுத்தும் வருசமும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலத்துக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள். ரப்பர் டியூபை ஐந்து வருசத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

5. அடிக்கடி எடுப்பது கை எட்டும் உயரத்தில். வருசத்துக்கு ஒரு முறை எடுக்கிற பொங்கப் பானை, பெரிய அண்டா அட்டாலியில். கனமானது கீழே.

6. வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் இரண்டு முளைக்கம்பும் கயிறும் கட்டிக் கொடி போடலாம். பழைய பேண்டுத் துணியில் பை தைத்துக் கொடியில் மாட்டினால் கத்திரிக்கோல், நூல்கண்டு, டேப்பு எல்லாம் கண்முன்னே இருக்கும்.

7. கதவில் இருந்து உள்ளே போகிற வழி மட்டும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ராத்திரி கரண்டு போன நேரத்தில் ஏதாவது என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிற வழி அது.

புது பீரோ வேண்டுமா?

இடம் போதவில்லை என்று பீரோ வாங்கக் குழுவில் கடன் கேட்பவர்கள் நோம்பி சமயத்தில் அதிகம். ஒரு கணக்குப் போடுவோம். 8,000 ரூபாய் பீரோ. 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 800 அசலாகப் பத்து மாதம் கட்டினால், குறைகிற அசலுக்கு வட்டி மொத்தம் 880 ரூபாய் வரும். ஆக 8,880 ரூபாய். வெளியே தவணைக் கடையில் வாங்கினால் இன்னும் கூடும். கடன் வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் ஒதுக்குங்கள், ஒரு மாதம் பொறுங்கள், அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் வாங்குங்கள். பாதிப் பேருக்குத் தேவைப்படாது. அதே 8,000 ரூபாயில் ஒரு பழைய தையல் மிசின் வந்தால் அது வட்டியையும் தானே கட்டும்.

தீ வைக்க வேண்டாம்

நம்ம கொங்குப் பக்கத்தில் போகி என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது காப்புக்கட்டுதான். ஆனால் டி.வி.யைப் பார்த்தும் வெளியூர்ப் பழக்கத்தாலும் வாசலில் பழையதைக் கொளுத்துவது இங்கேயும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எரிந்தது கோரைப் பாய், ஓலை, தேய்ந்த சீமாறு. எல்லாம் மண்ணில் விளைந்தது. இன்றைக்கு நம் குப்பை டயரும் பிளாஸ்டிக்கும் பாலியஸ்டரும். பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் நெஞ்சை அரிக்கும் அமிலப் புகையும் டையாக்சின் என்கிற நஞ்சும் வரும். 2018ஆம் வருசம் போகி அன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்களே இறங்கவும் ஏறவும் முடியாமல் போனது. அவ்வளவு பெரிய விமானத்துக்கே வழி தெரியவில்லை என்றால், தொட்டிலில் தூங்குகிற குழந்தையின் நெஞ்சுக்குள் என்ன போயிருக்கும்? வீட்டுக் குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது, பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன.

தூக்கிப் போட்டால் எங்கே போகும்?

எரிக்கவில்லை, கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறோம் என்றால் அது எங்கே போகிறது? இதை நெருப்பெரிச்சல்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் நம் ஊராட்சி மாநகரத்தோடு சேர்ந்தது. கல் எடுத்து முடிந்த பாறைக்குழிகளில் நகரத்துக் குப்பை வந்து விழுந்ததும், நாற்றமும் ஈயும் தாங்காமல், கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகுமோ என்று பயந்து 2025இல் இந்தப் பகுதி மக்கள் எதிர்த்து நின்றதும் எல்லோரும் அறிந்தது. அந்தக் கூட்டத்தில் நம் குழுப் பெண்களும் நின்றார்கள். கேட்டது நியாயம். ஆனால் ஒரு பக்கம் அதைக் கேட்டுவிட்டு, இன்னொரு பக்கம் நோம்பிச் சுத்தம் என்று நாமே பத்துச் சாக்கைக் கட்டிச் சாலையோரம் வைத்தால், அதுவும் ஏதோ ஒரு ஊரின் குழிக்குத்தான் போகும். அங்கேயும் நம்மைப் போல் பெண்கள் தண்ணீர் எடுக்கிறார்கள்.

திருப்பூருக்கு இந்தப் பாடம் புதிதில்லை. சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டால் போய்விடும் என்று நினைத்தோம். 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் அந்த அணைத் தண்ணீரே வேண்டாம் என்று சொல்கிற நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நம்ம வீட்டு அடுப்பும் அணைந்தது, ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்கு மறைந்த கழிவு சுற்றிச் சுற்றி நம்ம வாசலுக்கே வரும்.

அதனால் சாக்கில் போடுவதைக் குறைக்க வேண்டும். அதற்கு வழி நம் தொழிலிலேயே இருக்கிறது. பனியன் துண்டு குப்பை இல்லை, சரக்கு. கலர் வாரியாகப் பிரித்த பருத்தித் துண்டை மறுபடி பஞ்சாக்கி நூலாக நூற்கிற மில்கள் இருக்கின்றன. ஒரே கலராக இருந்தால் சாயம் போடாமலே கலர் நூல் வரும். வெள்ளைக்கு விலை கூட. எல்லாம் கலந்து, லைக்ராவும் பாலியஸ்டரும் சேர்ந்து கிடந்தால் விலை இறங்கிவிடும். ஒரு வீட்டில் மாதம் 2 கிலோ சேர்ந்தால் வியாபாரி வரமாட்டார். 15 பேர் உள்ள குழுவில் 30 கிலோ. பத்துக் குழு சேர்ந்தால் 300 கிலோ. அப்போது அவரே வண்டியோடு வருவார். நம் தராசில் எடை போட்டு, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு விற்று, குழுவின் வரவில் எழுதலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வேலை கொடுத்தவருடைய துண்டாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

செலவில்லாத அலங்காரம்

வீடு ஒதுங்கிவிட்டது. இனி நோம்பி அலங்காரம். கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் தோரணமும் பிளாஸ்டிக் பூவும் நமக்கு வேண்டாம். மினுமினுப்பு ஒரு வாரம், பிறகு அதுவும் ஷெட்டுக்குத்தான் வரும்.

போகி அன்றைக்குக் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரை முகப்பில் செருகுவோம். ஷெட்டுக்கும் ஒரு கட்டுக் கட்டுங்கள். காட்டில் போய்ப் பறிக்கும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இது பூளை, இது ஆவாரை என்று அவர்களுக்குத் தெரியட்டும். வேரோடு பிடுங்காமல் கொத்தாக ஒடித்தால் அடுத்த வருசமும் இருக்கும்.

மார்கழி வாசலில் சாணிப் பிள்ளையார், மேலே பூசணிப் பூ. கோலத்துக்கு அரிசி மாவு, ஓரத்துக்குச் செம்மண். கலர்ப் பொடியைவிடப் பளிச்சென்று இருக்கும், எறும்புக்கும் சாப்பாடு. வாசற்படிக்கு மாவிலை, பந்தலுக்குத் தென்னங்குருத்து. வருகிறவர்களுக்கு வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு. பிளாஸ்டிக் பூசிய தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை.

பனியன் துண்டிலும் தோரணம் செய்யலாம். சின்னத் துண்டுகளை முக்கோணமாக வெட்டி, ஒரே நாடாவில் கலர் மாற்றி மாற்றித் தைத்தால் ஓவர்லாக் மிசினில் பத்து நிமிட வேலை. நோம்பி முடிந்ததும் துவைத்து மடித்து வைத்தால் வருசா வருசம் ஆகும்.

பெரிய துண்டு இருந்தால் மிதியடி. துணியைக் குறுக்குவாக்கில் ஒரு அங்குல நாடாவாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். பனியன் துணி ஓரம் தானே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மூன்று கயிற்றைச் சடையாகப் பின்னி, நத்தை ஓடு போல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கைத்தையல் போட்டால் வாசலுக்கு அழகான மிதியடி. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், கால் வழுக்காது. நல்ல கைப்பாங்கு இருப்பவர்கள் விற்பனைக்கும் செய்யலாம். முதலில் நாலு செய்து சந்தையில் வைத்துப் பாருங்கள். விற்ற பிறகு நாற்பது செய்யலாம்.

பட்டிப் பொங்கலுக்கு மாடு இல்லாத வீடு இப்போது நிறைய. நமக்குச் சோறு போடுகிற மிசினையும் கத்திரிக்கோலையும் துடைத்துப் பொட்டு வையுங்கள். அடுத்து பூப்பறிக்கிற நோம்பி. கம்பெனிக்குப் போக ஆரம்பித்ததில் இருந்து பல பேர் அதையே மறந்துவிட்டோம். முறுக்கும் கச்சாயமும் எடுத்துக்கொண்டு, பெண்கள் எல்லோரும் சேர்ந்து போய்க் கும்மியடித்துவிட்டு வருவோம். ஒதுக்கி, கழுவி, பொங்க வைத்துக் களைத்தவர்களுக்கு அந்த ஒரு நாள் சந்தோசம் உரிமை.

தீர்மான நோட்டில் எழுதுங்கள்

கேட்டுவிட்டுக் கலைந்தால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு குழுவும் வருகிற கூட்டத்தில் இந்த நாலையும் பேசி, சரி என்று பட்டால் தீர்மானமாக எழுதுங்கள்.

ஒன்று, போகி அன்று எங்கள் குழு உறுப்பினர் யாரும் வாசலில் டயர், பிளாஸ்டிக், துணி எரிக்க மாட்டோம்.

இரண்டு, நோம்பிக்கு முந்தைய ஞாயிறு கொடுக்கிற சாமான்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் செய்வோம். புதிதாகக் குடிவந்த குடும்பங்களை நாமே போய் அழைப்போம்.

மூன்று, பனியன் துண்டைக் கலர் வாரியாகச் சேர்த்துக் குழுவாக விற்போம். யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார்கள் என்று கணக்கு வைப்போம்.

நாலு, வாரத்தில் ஒரு நாள் தொட்டி, டிரம், டப்பா எல்லாம் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைப்போம். தனியாக இருக்கிற வயதானவர்கள் வீட்டுக்குக் குழுவில் இருந்து இரண்டு பேர் போய்ச் செய்து கொடுப்போம்.

அடுத்த மாதம் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் எத்தனை வீடு ஒதுக்கினார்கள், எத்தனை கிலோ விற்றார்கள், எத்தனை குடும்பத்துக்குச் சாமான் போனது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பிரதிநிதிகள் படிக்கட்டும், எல்லோரும் கேட்போம். நல்ல மிதியடி பின்னியவர்கள் அதையும் கையோடு எடுத்து வந்தால் மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் பொங்கல் நோம்பி வாழ்த்து.